பொருளைப் போய்ப் பார்த்தீர்களா? – வாசகர் கேள்வி பதில்

விளம்பரத் துறையில் வேலை செய்கிறவர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்தே இந்தக் கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி: வேலூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வடிவமைப்பாளராக இருக்கிறேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், பள்ளிச் சேர்க்கை என்று ஆண்டுதோறும் அதே வேலைதான் வருகிறது. போன வருட ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தாலும் வாடிக்கையாளர் 'ஓகே' சொல்லிவிடுகிறார். என் கற்பனை வற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். அதில் ஃபைல் வருகிறது, தேதி வருகிறது, வாடிக்கையாளரின் 'ஓகே' வருகிறது. ஒரு கடையோ, ஒரு துணியோ, அதை வாங்க வந்த ஒருவரின் பேச்சோ எங்குமே வரவில்லை. உங்கள் சலிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கு நம் ஊர்களில் பெரும்பாலான விளம்பர வேலை வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்கிறது. லோகோ, முகவரி, நாலைந்து புகைப்படங்கள், 'நாளைக் காலைக்குள் வேண்டும்' என்ற ஒரு வரி. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்குப் போன வருட ஃபைல்தான் நினைவுக்கு வரும். ஏனென்றால் அந்தக் கடையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஃபைலுக்குள் இருப்பதுதான்.

அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1927இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு அவர் எழுத வேண்டியிருந்தது. அந்நாளில் எல்லா பீர் நிறுவனங்களும் 'எங்களுடையது தூய்மையானது' என்றே சொல்லிக்கொண்டிருந்தன. கேட்பவர் மனதில் அது ஒட்டவில்லை. ஹாப்கின்ஸ் ஆலைக்கே போனார். வடிகட்டிய காற்று மட்டும் நுழையும் கண்ணாடி அறைகளுக்குள் பீர் குளிர்விக்கப்படுவதையும், புட்டிகள் இயந்திரத்தில் நான்கு முறை கழுவப்படுவதையும், ஏரிக்கரையிலேயே ஆலை இருந்தும் நல்ல தண்ணீருக்காக ஆழ்கிணறு தோண்டியிருப்பதையும் பார்த்து வியந்தார். இதையெல்லாம் ஏன் வெளியே சொல்லவில்லை என்று கேட்டபோது, இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் அதையே எழுதினார்; நிறுவனம் முன்னணிக்கு வந்தது. தொழிலுக்குள் இருப்பவருக்கு அன்றாடமாகிப் போனது வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குத்தான் படும். அந்தக் கண்ணுக்காகத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். அதை வாட்ஸ்அப் படங்களைப் பார்க்க மட்டும் பயன்படுத்துவது உங்களுக்கே நஷ்டம்.

நம் ஊர்க் கடை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். குடியாத்தத்துக் கைலி விற்கிற ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் முதலாளியிடம் சொல்லிவிட்டு, கைலி அடுக்கியிருக்கும் மேசை ஓரமாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். வாங்க வருகிற பெரியவர் துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். மடிப்பைப் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெசவின் நெருக்கம் பார்க்கிறார். 'சாயம் போகுமா?' என்று கேட்கிறார். பிறகு, 'இது மூட்டினதா, நாமதான் மூட்டிக்கணுமா?' என்று கேட்கிறார். மூட்டவில்லை என்றால் முகம் சற்றுச் சுருங்குகிறது, ஏனென்றால் தையற்காரரிடம் ஒரு முறை கொடுக்கவும் மறுபடி ஒரு முறை வாங்கவும் அலைய வேண்டும். கடைப் பையன், 'வாசல்லயே டெய்லர் இருக்காருங்க, டீ குடிச்சிட்டு வாங்க, மூட்டி வெச்சிருப்போம்' என்கிறான். பெரியவர் இரண்டு கைலி எடுக்கிறார். அந்தக் கடை ஆண்டு முழுவதும் '50% தள்ளுபடி' என்று பேனர் கட்டிக்கொண்டிருக்க, விற்பனையை முடித்துவைத்த வாக்கியம் அந்தப் பையன் வாயில் இருக்கிறது. 'டீ குடித்துவிட்டு வாருங்கள், கைலியை மூட்டி வைத்திருப்போம்' என்ற வரியை எந்தக் கணினி முன் உட்கார்ந்தும் நீங்கள் யோசித்திருக்க முடியாது.

பள்ளிச் சேர்க்கைக்கும் இதே வழிதான். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்களை வரிசையாக அடுக்குகிறோம். சேர்க்கை நாளன்று அலுவலக வாசலில் நிற்கும் தாய்மார்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள். வேன் எங்கள் தெரு வரைக்கும் வருமா, மத்தியானச் சாப்பாட்டை ஆயா ஊட்டிவிடுவார்களா, கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாமா என்றுதான் கேட்கிறார்கள். இவற்றுள் ஒன்றுக்கு நேரான பதில் சொல்லும் விளம்பரம் மற்றப் பள்ளிகளின் விளம்பரங்களோடு கலந்து காணாமல் போகாது.

அதே வேலை திரும்பத் திரும்ப வருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமுல் வெண்ணெய் விளம்பரத்தில் வரும் புள்ளிச் சட்டைச் சிறுமி 1966இல் வந்தவள். சில்வெஸ்டர் டகூன்யா தலைமை தாங்கிய விளம்பர நிறுவனத்தில் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் வரைந்த அந்தச் சிறுமி அன்றிலிருந்து அதே சட்டையோடு, அதே வெண்ணெயோடு நிற்கிறாள். மாறுவது அந்த வாரத்து நாட்டு நடப்பு மட்டுமே. அதை எழுதுகிறவர்களுக்குச் செய்தி படிப்பது வேலையின் பாதி. ஆகவே வட்டம் சிறியது என்பதற்காக வருந்தாதீர்கள்; அந்த வட்டத்துக்குள் இந்த ஆண்டு புதிதாக நுழைந்தது என்ன என்று கேளுங்கள். இந்த ஆடியில் மக்கள் எதை வாங்குகிறார்கள், எதை வாங்காமல் தள்ளிப்போடுகிறார்கள் என்பது போன ஆடியைப் போல ஒருபோதும் இருப்பதில்லை.

கேள்வி: சென்னை நிறுவனம் ஒன்றுக்காகக் காட்பாடியில் வீட்டிலிருந்தபடி விளம்பர வாசகங்கள் எழுதுகிறேன். நிறைய படிக்க வேண்டும் என்கிறார்கள். எதைப் படிப்பது? விளம்பர விருது பெற்ற படைப்புகளையே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். (வாசகி, காட்பாடி)

பதில்: விருது பெற்றவற்றைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதையே உணவாகக் கொள்ளாதீர்கள். இன்னொருவர் கண்டுபிடித்து முடித்ததைத்தான் அங்கே பார்க்கிறீர்கள்; அவர் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார் என்பது அதில் இருக்காது. ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வெப் யங், புதிய எண்ணம் என்பது பழைய கூறுகளின் புதிய சேர்க்கையே என்று 1940இல் எழுதினார். அதற்கு இரண்டு வகைச் சரக்கு வேண்டும் என்பது அவர் கருத்து: விற்கப்போகும் பொருளையும் வாங்கப்போகிறவரையும் பற்றிய அறிவு ஒன்று, உலகத்தைப் பற்றிய பொதுவான அறிவு மற்றொன்று. முதல் வகையை வேலை வந்த பிறகு திரட்டலாம். இரண்டாவது வகையை வேலை வருவதற்கு முன்பே வாழ்நாள் முழுவதும் திரட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பொருளைப் பற்றிப் படிப்பதிலும் ஆழம் வேண்டும். 1950களின் இறுதியில் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுத நேர்ந்தபோது விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தார். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதும் அந்தக் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் கடிகாரத்தின் சத்தம்தான் என்ற குறிப்பு அவர் படித்தவற்றுள் கிடைத்தது. அதுவே தலைப்பாயிற்று. அந்த வாக்கியம் அவருடைய கற்பனையில் பிறந்ததன்று. ஒரு தொழில்நுட்ப ஆசிரியர் முன்பே எழுதியிருந்தது. அதைக் கண்டதும், இதுதான் தலைப்பு என்று அடையாளம் தெரிந்ததே அவர் திறமை.

உங்களுக்கு என் யோசனை இது. தோல் பதனிடுவது எப்படி என்று படியுங்கள். பொது மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்று படியுங்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்று படியுங்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாதென்ற உத்தரவும் மனிதரை எவ்வளவு தூரம் புண்படுத்தும் என்று அந்த வரலாறு சொல்லும். மக்கள் உடுத்துவதைப் பற்றியும் பூசுவதைப் பற்றியும் எழுதிப் பிழைக்கிற நமக்கு அது மிகவும் தேவையான பாடம்.

கேள்வி: காந்தி ரோடு பகுதியில் லாட்ஜ், மருந்துக்கடை, உணவகங்களுக்குப் பெயர்ப்பலகை செய்து தருகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காகப் பெங்காலியில் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது; கொடுப்பதை அப்படியே ஒட்டுகிறேன். இதில் படைப்பாற்றலுக்கு என்ன இடம் இருக்கிறது? (வாசகர், தோட்டப்பாளையம்)

பதில்: நிறைய இடம் இருக்கிறது. சொல்லப்போனால், தமிழ்நாட்டில் இப்படி ஒரு வாய்ப்பு அமைந்த பலகைக் கலைஞர்கள் மிகச் சிலர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் இரவு பகல் ரயிலில் பயணம் செய்து வருகிறார்கள். காட்பாடியில் இறங்கி, ஆட்டோவில் வந்து, நோயாளியை ஒரு கையில் தாங்கிப் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கும் ஒருவர்தான் உங்கள் வாசகர். அவருடைய அந்தப் பார்வை உங்கள் பலகையில் எதைத் தேடுகிறது என்று அறிந்துகொள்வதே இங்கே படைப்பாற்றல்.

லாட்ஜ் வரவேற்பு மேசையில் ஒரு முற்பகல் உட்காருங்கள். அறையில் சமைத்துக்கொள்ளலாமா, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருவீர்களா, லிஃப்ட் இருக்கிறதா, மருத்துவமனைக்கு நடந்தே போக முடியுமா, நாள் வாடகையா வார வாடகையா என்ற கேள்விகள் மாறி மாறி வரும். நோயாளிக்கு மாடிப்படி ஏற முடியாது. உடன் வந்தவருக்கு எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்று தெரியாது. 'சகல வசதிகளும் கொண்ட' என்ற தொடர் இவற்றுள் எதற்கும் பதிலாகாது. 'லிஃப்ட் உண்டு, அறையில் சமைக்கலாம்' என்ற இரண்டு செய்திகளைப் பெரிதாக எழுதினால், ரயிலில் வந்த களைப்போடு ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கி விசாரிக்கும் துன்பம் ஒரு குடும்பத்துக்காவது குறையும்.

மொழியைப் பொறுத்தவரை, பெங்காலி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அந்தத் தெருக்களிலேயே அத்தகையவர்கள் பலர் இருக்கிறார்கள். பழைய மென்பொருளில் ஒட்டும்போது கூட்டெழுத்துகள் உடைந்து தனித்தனியாகிவிடும். எழுத்துகளின் தலைக்குமேல் ஓடும் கோட்டைக் கவனியுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் அந்தக் கோடு துண்டு துண்டாகும், படிப்பவருக்கு அது உறுத்தும். அசாமியரும் ஏறத்தாழ இதே எழுத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் 'ர', 'வ' என்ற இரண்டு எழுத்துகளுக்கு அவர்களுடைய வடிவம் வேறு. குவாஹாட்டியிலிருந்து வந்தவர் தம்முடைய 'ர' வடிவத்தை வேலூர்த் தெருவில் பார்க்கும்போது அடையும் ஆறுதலுக்கு நீங்கள் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: நான் எழுதும் வாசகங்கள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. 'தரம், நம்பிக்கை, பாரம்பரியம்' என்றே கை போகிறது. (வாசகர், வாலாஜாப்பேட்டை)

பதில்: நம் மாவட்டத்திலேயே ஒரு வாசகம் விளம்பரச் செலவில்லாமல் தலைமுறைகளாக உலவி வருகிறது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். இதில் 'பெருமை', 'சிறப்பு' போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்கள் மட்டுமே வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்ற வியப்பு சேர்கிறது. அதனால்தான் ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளரின் கடையில் கண்ணால் பார்க்கக்கூடியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்; அந்தத் தாளில் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு இடமே இருக்காது, ஆனால் தாத்தா வாங்கிய தராசு இருக்கும்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வாசகம் சொல்லும் கோயிலான, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் இறைவன் மீண்டும் எழுந்தருளிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாமெல்லாம் பார்த்தோம். ஆனாலும் பழைய வாசகம் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. நன்றாக அமைந்துவிட்ட வாசகம் உண்மை மாறிய பிறகும் வாழும். ஆகவே எழுதுகிறவர்தான், இது இன்னும் உண்மையா என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வாடிக்கையாளரின் பழைய வாசகத்தையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். புதிய விளம்பரத்துக்கான விஷயம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: ஆம்பூரில் சிறு நிறுவனங்களுக்குச் சமூக ஊடக விளம்பரங்கள் செய்து தருகிறேன். செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் படமும் வாசகமும் தந்துவிடுகிறது. இனி எனக்கு என்ன வேலை? (வாசகி, ஆம்பூர்)

பதில்: அந்தக் கருவியிடம் கத்திரிக்காய்ப் படம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பளபளவென்று, வழவழப்பான ஊதாக் காய் ஒன்றைத் தரும். நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குத் தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள் இருக்கும். சந்தையில் தெரிந்தவர்கள் அந்த முள்ளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பிரியாணிக் கடை, தான் தொட்டுக்கொள்ளத் தரும் கத்திரிக்காய் இலவம்பாடிக் காய் என்று சொல்ல விரும்பினால், வழவழப்பான படம் அந்தக் கடையைப் பொய்யாக்கிவிடும். கைபேசியை எடுத்துக்கொண்டு போய், காம்பில் முள் தெரிய, காலை வெளிச்சத்தில் நீங்கள் எடுக்கும் ஒரு படம் அங்கே தேவைப்படுகிறது.

கருவியை வேண்டாமென்று சொல்லவில்லை. அளவு மாற்றவும், பின்னணி நீக்கவும், பத்து மாதிரி பார்க்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதனால் மிச்சமாகும் நேரத்தைச் சமையற்கட்டில் செலவிடுங்கள். சீரகச் சம்பா அரிசி எவ்வளவு நேரம் ஊறுகிறது, மிளகாயை ஏன் பொடியாகப் போடாமல் ஊறவைத்து அரைத்துப் போடுகிறார்கள், தம் போடும்போது மூடிமேல் எவ்வளவு கரி வைக்கிறார்கள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். அவர் முதல் நாள் சொல்லமாட்டார். மூன்றாம் முறை போகும்போது சொல்வார்.

கேள்வி: ஒரு மூலிகைப் பொடிக்கு, 'சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்' என்று எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடும். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆற்காடு)

பதில்: எழுதாதீர்கள். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான 1954ஆம் ஆண்டுச் சட்டம், சர்க்கரை நோய் உள்ளிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சட்டத்தையே எடுத்துக்காட்டி, 'நமக்கு வழக்கு வரும்' என்று பேசிப் பாருங்கள். நெறியைச் சொல்வதைவிட அது எளிதில் எடுபடும். அதோடு, அந்தப் பொடியில் என்ன சேர்க்கிறார்கள், எங்கே அரைக்கிறார்கள் என்று நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்மையான பொருளாக இருந்தால் சொல்லத்தக்க உண்மை ஏதாவது கிடைக்கும். பார்க்கவே விடமாட்டோம் என்றால், நம்பி மாத்திரையை நிறுத்திவிடக்கூடிய ஒரு நோயாளியை நினைத்துக்கொண்டு, வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: நீங்கள் எப்போதும் நேரில் போய்ப் பாருங்கள் என்று எழுதுகிறீர்கள். ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் வேலை செய்யும் எனக்குக் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நாற்காலியை விட்டு எழ முடிவதில்லை. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: நியாயமான கேள்வி. வேலைக்கு வரும்போதும் வீட்டுக்குப் போகும்போதும் கடந்து செல்கிற தெருவே உங்களுக்குப் போதும். நீங்கள் வடிவமைத்த பேனர் கட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு எதிர்ச்சாரியில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கடந்து போகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா, தலையாவது திருப்புகிறார்களா? பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: எழுத்து ஒரு அங்குல உயரம் இருந்தால் 10 அடி தூரம் வரை நன்றாகத் தெரியும். தெருவின் அகலம் 40 அடி என்றால் 4 அங்குலத்துக்குக் குறைந்த எழுத்து எதிர்ச்சாரியில் இருப்பவருக்குப் பயன்படாது. தமிழில் சுழியும் கொம்பும் நெருங்கி வருவதால் இன்னும் சற்றுக் கூட்டியே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கணினித் திரையில் அழகாகத் தெரிந்த எத்தனை வரிகள் தெருவில் காணாமல் போகின்றன என்று அங்கே நின்றால்தான் தெரியும்.

வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்திய வாரம் உங்கள் ஊர்க் கடைத்தெரு முழுவதும் பேனர்தான். அவற்றுள் பாதி உங்கள் அச்சகத்தில் அடித்ததாகவே இருக்கும். ஒரு சிறிய நோட்டில், மக்கள் நின்று படித்த பேனர்கள் எவை, அவற்றில் என்ன இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளர், 'போன தடவை போட்டதையே போடு' என்று வரும்போது அந்த நோட்டைத் திறந்து காட்டி, ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டால் ஒருவராவது ஒப்புக்கொள்வார். அது கட்டப்பட்ட பிறகு, எதிர்ச்சாரியில் நின்று பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.